பாடகி நிற்கும் இடம்

வசந்தகுமார் புது ஸ்டீரியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த காலை நேரத்தில், பக்கத்து வீட்டுப் புருஷோத்தமன் வந்து நின்றார். ஒரகடத்துக் கார் கம்பெனியில் சூப்பர்வைசர். எதிலும் ஒரு குறை கண்டுபிடிக்காமல் போகமாட்டார்.

"பாட்டு நல்லாத்தான் கீது தம்பி. ஆனா பாடுற அம்மா எங்க நிக்குதுன்னே தெரியலையே."

"அதுகூடத் தெரியுமாண்ணே?"

"ஸ்பீக்கரச் சுவத்தோட ஒட்டி வெச்சா எப்படித் தெரியும்? மூணடி முன்னால இழு. பின்னால கனமா ஒரு திரை தொங்கவிடு. தரைக்கு ஜமக்காளம் போடு. நாற்காலியக் கிட்டக்க கொண்டா. கிட்டக்க உக்காந்தா சவுண்டக் கொறச்சாலே போதும்."

வசந்தகுமார் மளமளவென்று எல்லாவற்றையும் செய்தான். கம்பெனியில் மிஷினைச் சுற்றி ஒட்டுவதுபோல், ஸ்பீக்கரைச் சுற்றித் தரையில் மஞ்சள் டேப்பை ஒட்டினார் புருஷோத்தமன்.

"ஸ்பீக்கர் இந்தக் கோட்டத் தாண்டிப் பின்னால போவக்கூடாது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வசந்தகுமார் கண்ணை மூடி உட்கார்ந்தான். நட்டநடுவில் பாடகி நின்றாள். இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் தபேலா. சொக்கிப்போனான்.

கொஞ்ச நேரத்தில் மனைவியைக் கூப்பிட்டான்.

"மஞ்சுளா, இங்க வந்து கேளேன். ரொம்பப் பின்னால கர்ர்ருன்னு ஒரு வாத்தியம். முன்னாடியெல்லாம் இது காதுலயே விழல."

மஞ்சுளா பாட்டை நிறுத்தினாள். அந்த வாத்தியம் மட்டும் நிற்கவில்லை.

அவள் திரையை விலக்கிச் சுவரில் காதை வைத்தாள்.

"பக்கத்து வூட்டு அண்ணன் கொறட்டைங்க. அவருக்கு நைட் ஷிஃப்ட். கட்டில் இந்தச் சுவத்த ஒட்டித்தான் கீது. நம்ம ஸ்டீரியோ வந்ததுலேர்ந்து இன்னிக்குத்தான் மனுஷன் தூங்குறாரு."