தட்டு மாற்றி

கூலித் தகராறில் அறுப்பு நின்றுபோன களத்தில், நெல் தராசின் ஒரு தட்டில் அறுப்புக்காரி அம்சத்தின் பிள்ளை காய்ச்சலோடு உட்கார்ந்திருக்கிறான். "ஒன்பது கிலோ. மருந்தைக் கொடுங்கம்மா" என்கிறார் பண்ணைக் காரியக்காரர். நர்ஸ் ஆனந்தவல்லி குப்பியைத் திறக்கவில்லை. "எடைக்கு மேல கொடுத்தா பிள்ளை தாங்காது. தட்டை மாத்தி வைங்க." எடைக்கல் இருந்த தட்டுக்குப் பிள்ளை வருகிறான். இப்போது ஏழுதான்! காரியக்காரர் வைக்கோல் போரைப் பார்க்கிறார். "அப்ப ரெண்டுக்கும் நடுவுல, எட்டு" என்று ஆனந்தவல்லி வெயிலில் கண்ணை இடுக்கி, எட்டுக் கிலோவுக்கு உரிய மருந்தை நிதானமாகச் சொட்டுகிறாள். ஒரு சொட்டு கூடவில்லை. அந்தக் கையைக் கும்பிடலாம் போலிருக்கிறது அம்சத்துக்கு. பிள்ளை விழுங்கியதும், தன் கூலி நெல் எப்போதும் ஏறும் அந்த முதல் தட்டை ஓங்கித் தட்டுகிறாள். "நர்சம்மா, பிள்ளைய ரெண்டு தட்டுலயும் இன்னொரு தரம் நிறுங்க. தெருவே வந்து பாக்கட்டும்."