பெருநாளுக்கு வந்தவர்

குனார்தோ அண்ணன் சொன்னதை நான் இருபத்தாறு வருடமாக முழுதாக நம்பியதில்லை. நம்பாமலும் இருந்ததில்லை. அதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

சுகெந்தாரின் எழுத்து வாழ்க்கை எப்படி முடிந்தது என்பதுதான் விஷயம்.

ஒன்பது வருடத்தில் நாற்பத்தேழு சிறுகதைகள். ஜாவாத் தீவில் எங்கள் ஊரான ஜோக்ஜாவில் ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வாங்கியவர்கள் முதலில் அவர் கதை வந்திருக்கிறதா என்றுதான் புரட்டுவார்கள். பிறகு அவருடைய கதை ஒன்று இரண்டு நாளிதழ்களில் வந்துவிட்டது. முதலில் ஜகார்த்தா பேப்பரில், அடுத்த ஞாயிறு எங்கள் ஊர் பேப்பரில்.

எங்கள் எழுத்தாளர்கள் மத்தியில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. கதையைத் திருடியவனைக்கூட மன்னித்துவிடுவார்கள். ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டுச் சொன்னார்கள். அதன் பிறகு அவர் கதை எங்கேயும் வரவில்லை.

முதலில் ஊர் பேப்பருக்குத்தான் அனுப்பியிருந்தேன், மூன்று மாதம் பார்த்துவிட்டு, கதையைத் திரும்பப் பெறுவதாக ஊர் பேப்பருக்குக் கடிதம் எழுதிய பிறகே ஜகார்த்தாவுக்கு அனுப்பினேன் என்று சுகெந்தார் ஒரே ஒரு முறை சொன்னார். ஊர் பேப்பரில் கதைப் பக்கத்துக்கு வரும் தபால்களைப் பிரிக்கிறவர் குனார்தோ அண்ணன். அப்படி ஒரு கடிதம் வரவே இல்லை என்றார். சுகெந்தார் அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

டீக்கடைக்கு அவர் வந்தால், "அவருக்கு ஒரே டீயை ரெண்டு கடையில சொல்லுங்கப்பா" என்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அவர் இடம் காலியான ஐந்தாவது வாரம் என் முதல் கதை அந்தப் பக்கத்தில் வந்திருந்தது.

அவர் கல்யாண வீடுகளில் மைக் பிடித்துப் பேசிப் பிழைத்தார். மணமகளை மேடைக்கு அழைத்து வரும்போது அவர் சொல்லும் வாக்கியங்களைக் கேட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

சந்தேகம் வந்து கேட்கும்போதெல்லாம் குனார்தோ அண்ணன் ஒன்றையே சொல்வார்.

"ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் என் வீட்டுக்கு வந்து, கையைப் பிடிச்சு மன்னிப்பு கேக்கறாரு. என்னைவிட மூணு வயசு மூத்தவர். முறைப்படி நான்தான் அவரைத் தேடிப் போகணும். தப்பு பண்ணலைன்னா அவர் எதுக்குப்பா வரணும்?"

பெருநாளன்று எல்லோரும்தான் எல்லோரிடமும் மன்னிப்பு கேட்கிறோம். நான் என் தையல்காரரிடம்கூடக் கேட்டிருக்கிறேன். ஆனாலும் மூத்தவர் இளையவரைத் தேடிப் போவது வழக்கமில்லையே. என் சந்தேகம் அந்த இடத்தில் அடங்கிவிடும். அடங்கட்டும் என்று நானும் விட்டுவிடுவேன்.

போன மாதம் சுகெந்தார் காலமானார். ஏழாம் நாள் பிரார்த்தனைக்குப் போனபோது அவர் மனைவி சுமிரா அண்ணி ஒரு பழைய கோப்பைக் கொடுத்தார். உள்ளே கதையைத் திரும்பப் பெறும் அந்தக் கடிதத்தின் நகல். அதோடு குத்தி வைத்திருந்த பதிவுத் தபால் ஒப்புகை அட்டை. கதை ஊர் பேப்பரில் வருவதற்கு ஏழு வாரம் முந்தைய தேதி. பேப்பர் ஆபீஸ் முத்திரை. குனார்தோ அண்ணனின் கையெழுத்து.

"இதைக் காட்டியிருக்கலாமே, அண்ணி."

"நானும் அதைத்தான் சொன்னேன். அந்த வருஷம் பேப்பர் ஆபீஸ்ல ஆள் குறைச்சிக்கிட்டிருந்தாங்க. குனார்தோவுக்குக் கொழந்தை பொறந்து பத்து நாள். 'ஒரு கதை போனா இன்னொண்ணு எழுதிக்கலாம்'னாரு. இனிமே போடவே மாட்டாங்கன்னு அப்ப அவருக்குத் தெரியாது."

"தெரிஞ்ச பிறகு?"

"அதுக்குள்ள அந்தக் கொழந்தை இவரைப் பெரியப்பான்னு கூப்பிட ஆரம்பிச்சிடுச்சு."

பெருநாளுக்கு ஏன் இவரே தேடிப் போனார் என்று கேட்டேன்.

"அவன் இங்க வந்தா நிமிர்ந்து உக்கார முடியாது, நாமளே போயிடலாம்னுவாரு."

மறுநாள் காலை குனார்தோ அண்ணன் வீட்டுக்குப் போனேன். கூண்டுப் புறாவுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார். டீ வந்தது. அட்டையை எடுத்து அவர் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

கடிதத்தை மறைத்தீர்களா, மறந்தீர்களா என்று கேட்கத்தான் வந்திருந்தேன். ஆனால் அந்தக் காலி இடத்தில் வளர்ந்தவன் நான். எனக்கு அதைக் கேட்க வாய் வரவில்லை. வேறொன்றைத்தான் கேட்டேன்.

"அண்ணே, பெருநாளன்னிக்கு அவர் கேட்டதும், முறைப்படி நீங்களும் பதிலுக்கு அவர்கிட்ட மன்னிப்பு கேட்டிருப்பீங்க இல்லையா? ஒவ்வொரு வருஷமும் அவர் என்ன சொன்னாரு?"