பந்தியில் ஒரு லட்டு

நினைவுகளை விற்கும் இணைய ஏலத்தில், ஞானதுரையின் கல்யாண நாள் நினைவைச் செண்பகவல்லி எடுத்திருந்தாள். முன்னோட்டத்தில், இறந்துபோன அவள் கணவர் ரச வாளியோடு பந்தியில் நடந்துகொண்டிருந்தார். அது போதும் அவளுக்கு. ஆனால் கடைசி நேரத்தில் ஞானதுரை தர மறுத்துவிட்டார். ஏலத் தளத்தில் புகார் கொடுத்தால் அவர் தந்தே ஆக வேண்டும். புகார்ப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே அவரை அழைத்தாள்.

“கொடுத்துட்டா அந்த நாளே என் மனசுல இருக்காதும்மா. என் சம்சாரமும் இப்ப இல்ல.”

“அதை ஏலம் விடுறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்.” பிறகு குரல் இறங்கியது. “அவர் என்ன செஞ்சார்னாவது சொல்லுங்க.”

“எனக்கு ரசம் ஊத்துனாரு. ஒரு லட்டை எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. வீட்டுக்காரிக்குன்னு சிரிச்சாரு.”

செண்பகவல்லி புகார்ப் பக்கத்தை மூடினாள்.

“நசுங்கித்தான் வந்து சேந்துச்சு” என்றாள்.