அழித்த பிறகும்

உள்ளறையில் குழந்தை கலகலவென்று சிரித்தது.

“பாப்பா நல்ல வாலு போல,” என்றபடி கம்ப்யூட்டர் மெக்கானிக் திரையைப் பார்த்தார்.

குழந்தையின் அப்பா நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். “இருந்ததிலேயே பெரிய வீடியோவைக் காலையிலயே அழிச்சிட்டேன். டிஸ்க்ல இடமே வரலை.”

“இந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கிற லினக்ஸ் சிஸ்டம் அப்படித்தான் சார். இதுலேருந்து உள்ளே டிவியில யாரோ அதைப் போட்டு வச்சிருக்காங்க. நிறுத்தினாத்தான் முழுசா அழிஞ்சு இடம் வரும்.”

“என் மனைவிதான். சோறு தண்ணி இல்லாம அதையே பார்த்துக்கிட்டிருக்கா. அதான் அழிச்சேன்.” அவர் தயங்கினார். “இப்பத் திரும்ப எடுத்துட முடியுமா?”

“ஓடுற வரைக்கும் எடுக்கலாம் சார்.”

சிரிப்பு நின்றது.

“இடம் வந்துடுச்சு சார்,” என்றார் மெக்கானிக்.

உள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. “என்னங்க, வீடியோ முடிஞ்சிருச்சு. பாப்பா சிரிக்கிறதை இன்னொருக்கா போட்டு விடுங்களேன். அவ நமக்கு மிச்சம் வச்சுட்டுப் போனது அது ஒண்ணுதானே.”