மூணு பாக்கெட், மூணு கவர்

"இது உங்க சைடுதான். என் சைடுல செய்யூர்ல யாரும் கெடையாது" என்றாள் பொன்னி.

"எனக்கும் கெடையாதே!" கல்யாணப் பத்திரிகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் லட்சுமணன். கள்ள நோட்டா அது, வெளிச்சத்தில் பிடித்தால் உண்மை தெரிய?

மணமகள் கவியா, செய்யூர் வெங்கடேசன் மகள். மணமகன் ஜெபசிங். மண்டபம் இங்கேதான், கூடுவாஞ்சேரியில், அடுத்த தெரு. யாரோ கேட்டில் சொருகிவிட்டுப் போயிருந்தார்கள். கவர் மேல் 'உயர்திரு' என்பதற்குப் பக்கத்தில் பேர்கூட எழுதவில்லை.

"போவாம வுட்ருவோமா?"

"நெருங்கின சொந்தமா இருந்துட்டா? நாளைக்கு நம்ம நிதின் கல்யாணத்துக்கு ஒருத்தன் வரமாட்டான்."

"அப்ப இன்னா வைக்கிறது?"

அதுதான் வில்லங்கம். லட்சுமணன் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பஸ் டிக்கெட் மாதிரி மொய்க்கும் ஸ்டேஜ் வைத்திருந்தார். தெருக்காரர் என்றால் இருநூற்றொன்று. கூட வேலை பார்த்தவர் என்றால் ஐந்நூற்றொன்று. தூரத்துச் சொந்தத்துக்கு ஆயிரத்தொன்று. சித்தப்பா முறை என்றால் மோதிரம். பஸ்ஸில் தூரம் போகப் போக டிக்கெட் ஏறும். இவரிடம் கிட்டே வர வர ஏறும். ஸ்டேஜ் மாறி ஒரு ரூபாய் கூடப் போனாலும் மனுஷனுக்குத் தூக்கம் வராது.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். மூன்று கவர் போட்டார். இருநூற்றொன்று சட்டைப் பையில், ஐந்நூற்றொன்று பேன்ட்டின் வலது பாக்கெட்டில், ஆயிரத்தொன்று இடது பாக்கெட்டில்.

"மண்டபத்துல யாருன்னு விசாரிச்சிட்டு, அந்தப் பாக்கெட்டுல கைய வுடறேன்."

"மாத்தி வுட்ராதீங்க" என்றாள் பொன்னி.

இருவரும் போனபோது மண்டபம் நிறைந்திருந்தது. ஆனால் ஒரு கூச்சல் இல்லை, ஒரு சண்டை இல்லை, சாம்பாரைப் பற்றி ஒரு குறைகூட இல்லை. கல்யாண வீடா இது? எல்லோரும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் போல ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பக்கத்து நாற்காலியில் செருப்புக் கடை ஷஃபியுல்லா.

"பாய், நீங்க பொண்ணுக்கு இன்னா வேணும்?"

"எங்க வூட்ல பதருன்னிசாவுக்குத் தெரிஞ்சவங்கன்னு வந்தேன். அது இப்ப இவங்க யாருன்னு என்னியக் கேக்குது." குரலைத் தாழ்த்தினார். "நீங்க எவ்ளோ வைக்கிறீங்க? பாத்துகினு நானும் வெச்சிடறேன்."

லட்சுமணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்னே பின்னே தெரியாதவர்களுக்கெல்லாம் பத்திரிகை போட்டு மொய் வசூலா? இருநூற்றொன்றே தண்டம் என்று முனகியபடி, சட்டைப் பைக் கவரை உருவிக்கொண்டு வாசலில் நின்ற வெங்கடேசனிடம் போனார்.

"ஐயா, எங்கள உங்களுக்கு எப்டித் தெரியும்?"

வெங்கடேசன் கைகூப்பினார்.

"தெரியாதுங்க. கவியா மாப்ளய அவளா பாத்துகினா. எங்க ஜனம் ஒண்ணுகூட வரமாட்டேன்னுட்ச்சி. மாப்ள வூட்லயும் அதே கதை. காலி சேருக்கு முன்னால எம் பொண்ண எப்டிங்க உக்கார வைப்பேன்? அதான் இந்த ஏரியால வூட்டுக்கு வூடு சொருவினேன். மொய்யெல்லாம் வாணாங்க. இருந்து சாப்ட்டுப் போங்க, அது போதும்."

 நினைத்த நினைப்புக்கு லட்சுமணனுக்கு வெட்கமாக இருந்தது. கவரை எந்தப் பாக்கெட்டில் போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அப்போது மேடையில் போட்டோகிராபர் கத்தினார். "பொண்ணு சைடுல யாருன்னா வாங்க சார்! சித்தப்பா, மாமா ஒருத்தர்கூடவா இல்ல?"

யாரும் எழுந்திருக்கவில்லை. கவியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இருக்கேன்பா! நான்தான் சித்தப்பா!" லட்சுமணன் விறுவிறுவென்று படியேறினார்.

"நான் மாமா!" என்று பின்னாலேயே வந்தார் ஷஃபியுல்லா.

அவ்வளவுதான். அத்தை, பெரியம்மா, ஒன்றுவிட்ட அண்ணன் என்று ஒரு கும்பலே மேடையேறிவிட்டது. யார் முன்னால் நிற்பது என்று சண்டைகூட வந்தது. இப்போதுதான் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

பொன்னி காதருகே வந்தாள். "ஏங்க, சித்தப்பான்னா மோதிரமாச்சே!"

"ஸ்டேஜ் எனக்குத் தெரியும்டி" என்றார் லட்சுமணன், தன் விரல் மோதிரத்தைத் திருகிக்கொண்டே. "கழல மாட்டேங்குது. சமையக்கட்டுல கொஞ்சம் எண்ணெய் வாங்கினு வா."