ஏழிலிருந்து ஏழே கால் வரை

மணி ஏழாக இரண்டு நிமிடம் இருக்கும்போதே மேகலா அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டாள்.

போன் டிவி மேஜையில் சார்ஜில் கிடந்தது. மகள் தமிழ்மொழி தலையை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு எழுப்பினால் அரை மணி நேரம் புரளுகிற ஏழு வயதுப் பிள்ளை, இதற்கு மட்டும் ஒரு நாளும் தாமதித்ததில்லை.

கோர்ட் உத்தரவு அப்படி. குழந்தை அம்மாவிடம் இருக்கும். விக்கிரமங்கலத்து வீட்டில் இருவரும் குடியிருக்கலாம். அப்பா பிரசாத் சிங்கப்பூரில் வேலை பார்ப்பதால், தினமும் மாலை ஏழிலிருந்து ஏழே கால் வரை வீடியோவில் குழந்தையோடு பேசிக்கொள்ளலாம்.

உத்தரவு பிரசாத்துக்கும் பிடிக்கவில்லை, மேகலாவுக்கும் பிடிக்கவில்லை.

மனை மேகலாவின் அப்பா கொடுத்தது. மேலே எழும்பிய கட்டடம் பிரசாத்தின் சம்பாத்தியம். வீடும் வேண்டும், பிள்ளையும் வேண்டும் என்று அவன் சென்னை ஹைகோர்ட்டில் மேல்முறையீடு செய்திருந்தான்.

அவளும் செய்திருந்தாள். இந்தக் கால் மணி நேரம் வேண்டாம். பிரிவதற்கு முன்பு பிள்ளைக்கு எடுத்த பாஸ்போர்ட் அவனிடம் இருக்கிறது, அதை வாங்கி கோர்ட்டில் வைக்க வேண்டும். இவ்வளவுதான் அவள் கேட்டது. வியாழக்கிழமை இரண்டும் சேர்ந்து விசாரணைக்கு வருகின்றன.

"அம்புட்டுத் தூரத்துலேருந்து போன்ல பேசுற ஆளு உன்னைய என்னம்மா பண்ணிடப் போறாரு?" என்று அவளுடைய வக்கீல் ஜெயசித்ராவே கேட்டார்.

மேகலாவுக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

போன வருஷம், வழக்குப் போடுவதற்கு முன்பு, லீவில் வந்திருந்தபோது பள்ளிக்கூட வாசலிலிருந்து பிள்ளையை பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்ப் பூலாம்பாடியில் தன் அக்கா வீட்டில் நான்கு நாள் வைத்திருந்தவன் அவன். நான்கு நாளும் மேகலா போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் கிடந்தாள். பூலாம்பாடியாக இருந்ததால் பஸ் ஏறிப் போய்க் கூட்டிவர முடிந்தது. விமானம் ஏறிவிட்டால் எந்த உத்தரவை எடுத்துக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவது?

போன் அடித்தது.

பிரசாத்தின் முகம் மட்டும் தெரிந்தது. பின்னால் ஒரே இருட்டு. மூன்று நாளாக இப்படித்தான். கூடத் தங்கியிருப்பவர்கள் வேலை முடிந்து தூங்குகிறார்கள், ரூமில் விளக்குப் போட முடியவில்லை என்று மகளிடம் சொல்லியிருந்தான்.

மேகலா திரைக்குள் வராமல் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பேச்சுக்கு நடுவில் அவன் பட்டென்று கழுத்தில் அடித்துக்கொண்டான். சிங்கப்பூர் கொசுவுக்கும் இவனைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டபோது அவளுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

ஆடுகிற பல்லைப் பற்றியும், கணக்கு டீச்சரைப் பற்றியும் பேசி முடித்ததும் வழக்கமான விளையாட்டு தொடங்கியது. அதைக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். தமிழ்மொழி போனைக் கையில் பிடித்துக்கொண்டு போய்க் கேட் விளக்கைப் போட்டுப் போட்டு அணைப்பாள். "சிங்கப்பூரு வரைக்கும் தெரியுது பாப்பா" என்பான் அவன். பிள்ளை குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காகவே மேகலா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தாள்.

இன்று போனில் சார்ஜ் இல்லை, ஒயரைக் கழற்றினால் அணைந்துவிடும்; ஒயர் வாசல் வரை எட்டவில்லை.

"பரவால்ல, போனை அங்கேயே வச்சிட்டு லைட்டைப் போடு. கேட்டுகிட்ட போயி நில்லு, நீயும் தெரியிறியான்னு பாக்குறேன்."

தமிழ்மொழி போனை மேஜையில் குப்புறப் போட்டுவிட்டு ஓடினாள். கதவுக்குப் பக்கத்திலிருந்த சுவிட்சை எம்பிப் போட்டாள். செருப்புகூடப் போடாமல் வாசலில் இறங்கிக் கேட்டுக்குப் போய்விட்டாள்.

குப்புறக் கிடக்கிற போனில் இவளை எப்படிப் பார்ப்பானாம், என்று மேகலா எரிச்சலோடு பின்னால் போய் நிலைப்படியில் நின்றாள்.

கேட்டுக்கு வெளியே ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கரும்புக் கொல்லை. வெட்டுக்கு நிற்கிற கரும்பு, ஆள் உயரத்துக்கும் மேலே. சுற்றிலும் இருட்டாக இருக்க, விளக்கடியில் பிள்ளை மட்டும் பளிச்சென்று நின்றாள். மேகலா குரல் கொடுத்தாள்.

"போதும் தமிழு, உள்ள வா."

அவள் வரவில்லை. விளையாட்டை முடித்தால் வருவாள் என்று மேகலா சுவிட்சை அணைத்தாள்.

உள்ளே கூடத்திலிருந்து அவன் குரல் கேட்டது.

"ஏன் லைட்டு அணைஞ்சிருச்சு பாப்பா?"

பூச்சி அடைகிறது என்று அங்கிருந்தபடியே பதில் சொல்ல வாயெடுத்தவள், திரும்பிப் பார்த்தாள்.

மேஜைப் பலகையைத் தவிர வேறு எதையும் பார்க்க வழியில்லாமல், போன் வைத்தது வைத்தபடி குப்புறக் கிடந்தது.

மேகலாவின் கை சுவரில் சுவிட்சைத் தேடியது. பத்து வருஷமாகப் பழகிய சுவிட்ச், கைக்கு அகப்படவில்லை.

வெளியே தமிழ்மொழி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கரும்பைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தாள்.