நான்கு எலுமிச்சம்பழங்கள்

“ஹாரன் அடிச்சிக்கினே இருந்தேனே, காதுல வுழலியாமா?” நான் படிப்பை நிறுத்திய அன்று பள்ளி வேன் டிரைவர் பரசுராமன் எங்கள் ஜன்னலருகே வந்து கேட்டார். இன்று அதே ஜன்னலுக்கு எதிரே, பிள்ளையார் கோயில் வாசலில், பள்ளியின் புகை விடாத புது பேட்டரி வேன் நிற்கிறது. பன்னிரண்டு வருஷம் டீசல் வேன் ஓட்டியவர், இனி இதை ஓட்டப்போகிறோம் என்று காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்து வந்திருக்கிறார். கண்ணாடியில் சந்தனம் வைக்கிறார். நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைக்கிறார். செருப்பைக் கீழே கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். காலை வெயிலில் சந்தனம் இன்னும் ஈரமாக மின்னுகிறது. பள்ளித் தாளாளர் சக்ரவர்த்தி சிரிக்கிறார். “பூஜை போடத்தாம்ப்பா ஒன்னைக் கூப்பிட்டேன். ஓட்டறதுக்குக் கம்பெனியிலேர்ந்து ஆள் வந்தாச்சு. எறங்கு, ஒன் டீசல் நாத்தம் சீட்ல ஒட்டிக்கும்.” வேனில் ஏற வரிசையில் நிற்கும் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “டீசல் மாமா! டீசல் மாமா!” என்று கத்துகிறார்கள். பரசுராமன் இறங்குகிறார். புது டிரைவர் ஏறுகிறான். வேன் சத்தமே இல்லாமல் நகர்வதால் எலுமிச்சம்பழங்கள் நசுங்குவது ஜன்னல்வரை கேட்கிறது. பின்சக்கரம் செருப்பின் மேலும் ஏறி இறங்குகிறது. பரசுராமன் விரலில் ஒட்டிய சந்தனத்தைக் கஞ்சிச் சட்டையில் துடைத்துக்கொண்டு, வெறுங்காலோடு போகிறார்.